பள்ளி விடுமுறையில் அன்றாட வீட்டு வேலைகளின் வழியே பிள்ளைகளின் கல்வி: மதுரைப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில், ஐந்தாம் வகுப்புக்குப் புதிதாக வந்த பிள்ளைகளிடம் இரண்டிலக்கப் பெருக்கல் ஒன்றைக் கொடுத்துப் பார்ப்பது என் பணிக்காலம் முழுவதும் எனக்கு வழக்கமாக இருந்தது. ஏப்ரலில் அதே கணக்கைத் தடுமாறாமல் போட்ட பிள்ளை, ஜூனில் மேலே ஏற்ற வேண்டிய எண்ணை எங்கே எழுதுவது என்று தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் சிலேட்டைப் பார்க்கும். வாசிப்பு அவ்வளவாகக் குறைந்திருக்காது. ஆனால் எழுதச் சொன்னால் லகரமும் ளகரமும் இடம் மாறியிருக்கும், ஒற்றெழுத்துகள் காணாமல் போயிருக்கும். இது நம் ஊருக்கு மட்டும் உரிய நிலை அன்று. அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பரும் உடன் ஆய்வாளர்களும் 39 ஆய்வுகளைத் தொகுத்து 1996-இல் வெளியிட்ட கட்டுரையும், கோடை விடுமுறையில் பிள்ளைகள் ஏறக்குறைய ஒரு மாதப் படிப்பை இழக்கிறார்கள் என்றும், கணக்குப் போடும் திறனும் எழுத்துப் பிழையின்றி எழுதும் திறனுமே மிகுதியாகத் தேய்கின்றன என்றும் கூறியது. பின்னால் வந்த சிலர் இந்த அளவைக் கேள்விக்கு உட்படுத்தியுள்ளனர். ஆயினும் எவை தேய்கின்றன என்பதில் என் வகுப்பறை அனுபவம் அந்தக் கட்டுரையோடு ஒத்துப்போகிறது.

வீட்டு வேலையில் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டால் கல்வி தானாக வந்துவிடும் என்று பலர் நம்புகிறோம். அந்த நம்பிக்கை பாதிதான் சரி. பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ முதலியோர் கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் நடத்தி, 2025-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு ஓர் உண்மையைக் காட்டுகிறது. வாடிக்கையாளருக்குச் சில்லறையை நொடியில் மனத்திலேயே கணக்கிட்டுக் கொடுத்த பிள்ளைகள், அதே வகைக் கணக்கைப் பாடப்புத்தக வடிவில் தாளில் கொடுத்தபோது திணறினர். பள்ளிக்கு மட்டும் சென்ற பிள்ளைகளோ தாளில் போட்ட கணக்கைக் கடைத்தெருவில் போட முடியாமல் நின்றனர். கைவேலைக்கும் தாளுக்கும் இடையே ஒரு பாலம் வேண்டும். அதை அமைப்பது வீட்டிலுள்ள பெரியவர்களின் பொறுப்பு. இந்த வழிகாட்டி முழுவதும் அந்தப் பாலத்தைப் பற்றியதுதான்.

முதல் படி: பிள்ளை நிற்கும் இடத்தை அறிதல்

விடுமுறை தொடங்கிய முதல் மூன்று நாள்களில் எந்த வேலையையும் தொடங்க வேண்டாம். நான்காம் நாள் காலையில், பிள்ளை முடித்த வகுப்பின் கணக்குப் புத்தகத்திலிருந்து பத்துக் கணக்குகளையும், தமிழ்ப் புத்தகத்திலிருந்து சொல்வதெழுதுதலாகப் பத்து வரிகளையும் கொடுங்கள். மதிப்பெண்ணைச் சொல்லாதீர்கள், திட்டாதீர்கள். தாளில் தேதியிட்டு எடுத்து வையுங்கள். விடுமுறையின் கடைசி வாரத்தில் இதே தாள் மறுபடியும் தேவைப்படும்.

அந்தத் தாளைப் பார்த்து இரண்டே குறைகளைத் தேர்ந்தெடுங்கள். பின்னம் புரியவில்லை, ஒற்று விடுபடுகிறது என்பன போன்ற இரண்டு போதும். எல்லாவற்றையும் ஒரே கோடையில் சரிசெய்யப் புறப்பட்டால் ஒன்றும் சரியாகாது. என் மூத்த மகளின் மூன்றாம் வகுப்புக் கோடையில், காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை என்று பள்ளியைப் போலவே ஓர் அட்டவணையை எழுதிச் சுவரில் ஒட்டினேன். இரண்டாம் வாரமே அவள் சித்தி வீட்டுக்கு உசிலம்பட்டி போகிறேன் என்று கிளம்பிவிட்டாள். பள்ளி திறக்கும் வரை திரும்பவில்லை. தவறு என்னுடையது. இளைய மகனுக்கு அட்டவணை எதையும் எழுதவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தை மட்டும் கொடுத்தேன்.

இரண்டாம் படி: ஒரு நோட்டு, மூன்று செயல்

நாற்பது பக்கக் கோடிட்ட நோட்டு ஒன்று போதும். வீட்டில் எந்த வேலையைப் பிள்ளை செய்தாலும் மூன்று செயல்கள் நடக்க வேண்டும். வேலைக்கு முன் ஊகித்துச் சொல்ல வேண்டும். பின்பு வேலையைச் செய்ய வேண்டும். முடிந்தபின் ஊகமும் விளைவும் எவ்வளவு வேறுபட்டன என்பதை நோட்டில் எழுத வேண்டும். "எத்தனை டம்ளர் தண்ணி பிடிக்கும்னு சொல்லு பாப்போம்" என்ற கேள்வி முன்னால் வராவிட்டால், குடத்தை நிரப்புவது வெறும் வேலையாகவே முடிந்துவிடும். எழுதுவது ஐந்து வரிக்கு மேல் போக வேண்டாம். அந்த ஐந்து வரியைத் தவறவும் விட வேண்டாம்.

வேலையைப் பகிரும்போது பெண் பிள்ளைக்கு அடுப்பங்கரை, ஆண் பிள்ளைக்குக் கடை என்று பிரித்துவிடாதீர்கள். பின்னத்தைக் கற்றுத் தரும் உழக்கு இருவருக்கும் வேண்டும்; பேரம் பேசக் கற்றுத் தரும் சந்தையும் இருவருக்கும் வேண்டும்.

மூன்றாம் படி: அடுப்பங்கரையும் மொட்டைமாடியும்

பின்னத்தில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் செய்யும் தவறு ஒன்று உண்டு. எட்டு நான்கைவிடப் பெரியது என்பதால் 1/8 என்பது 1/4-ஐவிடப் பெரியது என்று எழுதிவிடுவார்கள். கரும்பலகையில் இதைத் திருத்த எனக்கு ஒரு வாரம் ஆகும். பாட்டியின் அளவைகள் வீட்டில் இருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. அரிசியை ஆழாக்கில் அளந்து உழக்கில் கொட்டி, உழக்கை உரியில் கொட்டி, உரியைப் படியில் கொட்டச் சொல்லுங்கள். ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு என்று பிள்ளையே எண்ணிச் சொல்லும். நம் மொழியில் 1/8-க்கு 'அரைக்கால்' என்று ஒரு பெயர் இருப்பதை அப்போது சொல்லுங்கள். காலில் பாதி அரைக்கால் என்று பெயரே விடையைச் சொல்லிவிடுகிறது. அதன்பின் நோட்டில் 1/8 + 1/8 = 1/4 என்று எழுதச் செய்யுங்கள். இந்தக் கடைசி வரிதான் பாலம். அதை விட்டுவிட்டால் அரிசி அளந்த நினைவு மட்டுமே எஞ்சும். படியும் உழக்கும் இல்லாத வீட்டில் ஒரே அளவுள்ள டம்ளர்களையும் ஒரு பாத்திரத்தையும் கொண்டு இதையே செய்யலாம்.

இட்லி மாவு இன்னொரு பாடம். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்ற விகிதத்தைப் பிள்ளையே அளக்கட்டும், "இன்று அரிசி ஆறு டம்ளர் என்றால் உளுந்து எவ்வளவு?" என்று கேட்டால் ஒன்றரை என்ற விடைக்கு அது யோசித்தாக வேண்டும். அரைத்த மாவில் கொஞ்சத்தை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி அளவு ஊற்றி, மாவின் மட்டத்தில் ஒரு ரப்பர் பட்டையை மாட்டி, மணிக்கு ஒருமுறை உயரத்தை அளவுகோலால் அளந்து எழுதச் சொல்லுங்கள். மாவிலுள்ள நுண்ணுயிரிகள் மாவுச்சத்தைத் தின்று கரியமில வாயுவை வெளியிடுவதால் மாவு பொங்குகிறது. மதுரை வெயிலில் மே மாதத்தில் விரைவாகப் பொங்கும் மாவு மார்கழியில் விடியும் வரை காத்திருக்க வைக்கும். அரையாண்டு விடுமுறையில் இதே சோதனையை மறுபடியும் செய்து இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வெப்பத்துக்கும் நுண்ணுயிர் வளர்ச்சிக்கும் உள்ள உறவைப் பிள்ளை தன் கையெழுத்திலேயே காணும்.

கோடைக்கே உரியது வத்தல். வெயில் வீணாகாமல் கூழ் வத்தல் ஊற்றும் வீடுகள் மதுரையிலும் சுற்றுப்புறத்து ஊர்களிலும் இன்றும் நிறைய உண்டு. இதில் கல்வி கொட்டிக் கிடக்கிறது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். கொதிக்கும் கூழைக் கிண்டுவது பெரியவர்களின் வேலை. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை அதன் அருகில் விடாதீர்கள். உப்புப் போடும்போது பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு துளி ருசி பார்க்கச் சொல்லுங்கள். "உப்பு பத்தலையே" என்று சொல்லும். "காய்ந்தால் சரியாகிவிடும்" என்று மட்டும் சொல்லி, ஏன் என்பதைச் சொல்லாமல் விடுங்கள். காலையில் வெயில் ஏறுமுன், நனைத்துப் பிழிந்த பழைய வேட்டியை மாடியில் விரித்துக் கரண்டியால் வட்டம் வட்டமாக ஊற்றச் சொல்லுங்கள். ஒரு வரிசைக்கு எத்தனை, எத்தனை வரிசை, மொத்தம் எத்தனை என்று பெருக்கல் தானாக வரும்.

இப்போது சோதனை. இரண்டு எவர்சில்வர் தட்டுகளில் ஒரே எடையுள்ள கூழை ஊற்றி, ஒன்றை வெயிலிலும் மற்றொன்றை வீட்டுக்குள் நிழலிலும் வைக்க வேண்டும். தட்டின் எடையைத் தனியே எழுதிக்கொண்டு, தினமும் மாலையில் எடை போட வேண்டும். வீட்டில் தராசு இல்லாவிட்டால் தெரு முனை மளிகைக் கடையில் கேட்டால் எடை போட்டுத் தருவார்கள். அப்படிக் கேட்டு நிற்பதும் ஒரு பழக்கம்தான். அடுத்தடுத்த இரண்டு நாள் எடை மாறாமல் நின்றால் வத்தல் காய்ந்துவிட்டது என்று பொருள். போன எடை எங்கே போனது என்று கேளுங்கள். தண்ணீர் ஆவியாகிப் போய்விட்டது, உப்பு போகவில்லை, அதனால்தான் முதல் நாள் குறைவாக இருந்த உப்பு இன்று சரியாக இருக்கிறது என்ற விடைக்குப் பிள்ளை தானே வந்து சேர வேண்டும். மூன்று நாள் ஆனாலும் நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். நிழலில் வைத்த தட்டில் பூஞ்சை பிடித்தால் அதையும் வரைந்து வைக்கட்டும். பூஞ்சை பிடித்ததைத் தின்னக் கொடுக்க வேண்டாம்.

வத்தலுக்குக் காக்கை வராமல் காவல் இருக்கும் வேலையையும் பிள்ளைக்கே கொடுங்கள். நிழலில் உட்கார்ந்து காவல் காக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் கையில் ஒரு கதைப் புத்தகம் இருக்கட்டும். வாசிப்புக்கு இதைவிடத் தொந்தரவு இல்லாத நேரம் நம் வீடுகளில் கிடைப்பது அரிது. மே மாதத்தில் இங்கே வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொடுவதால், காலை பத்து மணிக்குமேல் பிள்ளையை மாடியில் விடாதீர்கள்.

நான்காம் படி: சந்தையும் பூக்கடையும்

வாரம் ஒருநாள் காய்கறி வாங்கும் பொறுப்பைப் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். இருநூறு ரூபாயும் எழுதிய பட்டியலும் பிள்ளையின் கையில் இருக்கட்டும். நீங்கள் இரண்டடி பின்னால் நில்லுங்கள். தக்காளி கிலோ 36 ரூபாய், முக்கால் கிலோ வேண்டும் என்றால், கடையில் அரைக்கு 18, காலுக்கு 9, ஆக 27 என்று பிள்ளை மனத்தில் கூட்டும். வீட்டுக்கு வந்ததும் அதே கணக்கை 36 × 3/4 என்றும், 36 × 0.75 என்றும் நோட்டில் போடச் செய்யுங்கள். மூன்று வழியிலும் 27 வருவதைக் கண்ட பிள்ளைக்குத் தசமப் புள்ளி பயமுறுத்தும் பொருளாக இருக்காது. சில்லறையை எண்ணி வாங்குவதில் தவறினால் அங்கேயே திருத்தாதீர்கள். வீட்டில் கணக்கு எழுதும்போது பத்து ரூபாய் குறைவதைத் தானே கண்டுபிடித்தால் அடுத்த வாரம் தவறாது.

மதுரையில் வாழும் பிள்ளைக்கு மல்லிகையைவிட நல்ல கணக்குப் பாடம் இல்லை. புவிசார் குறியீடு பெற்ற நம் மதுரை மல்லி மாட்டுத்தாவணி பூச்சந்தையில் கிலோ கணக்கில் விலைபோகிறது. தெருவில் முழக் கணக்கில் விற்கிறது. முழம் என்பது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை உள்ள நீளம். பாட்டியின் முழம், அப்பாவின் முழம், தன் முழம் மூன்றையும் நூலால் அளந்து சென்டிமீட்டரில் எழுதச் சொல்லுங்கள். பூக்கார அக்காவிடம் மரியாதையாகக் கேட்டு அவருடைய முழத்தையும் அளந்தால் மிக நல்லது. அவரவர் கைக்கு ஏற்ப முழம் மாறினால் விலை நியாயமாக இருக்குமா என்ற கேள்வியிலிருந்து, உலகம் மீட்டர் என்ற பொது அளவுக்கு ஏன் வந்தது என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்.

அதோடு நிறுத்தாமல், செய்தித்தாளில் வரும் மல்லிகை விலையை இரண்டு வாரம் நாள்தோறும் குறித்து வரைபடம் வரையட்டும். முகூர்த்த நாளுக்கு முந்தைய நாள் விலை எகிறும், மறுநாள் இறங்கும். கோடையில் பூ அதிகமாகப் பூப்பதால் விலை தணிந்திருக்கும். மார்கழி, தை மாதப் பனியில் பூ குறைந்து விலை ஏறும். நாள்காட்டியில் முகூர்த்த நாள்களை வட்டமிட்டு வரைபடத்தோடு ஒப்பிடும் பிள்ளை, தேவை, வரத்து என்ற சொற்களைப் பாடப்புத்தகத்தில் சந்திக்கும் முன்பே புரிந்துகொண்டுவிடும். பூ விளைவிக்கும் உறவினர் வீடு கிராமத்தில் இருந்தால், விடியுமுன் மொட்டுப் பறிக்கும் வேலையில் ஒருநாள் பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள்; ஒரு கிலோ பூவுக்கு எவ்வளவு நேரம் குனிய வேண்டும் என்பதும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

ஐந்தாம் படி: நடுப்பகலுக்குத் தாயம்

வெளியே போக முடியாத பன்னிரண்டு மணி முதல் நான்கு மணி வரை, தொலைக்காட்சிக்கும் கைபேசிக்கும் மாற்றாகத் தாயக்கட்டைகளை எடுங்கள். பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றின் நான்கு பக்கங்களில் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகளும் ஒரு வெற்றுப் பக்கமும் இருக்கும். இரண்டும் வெற்றாக விழுந்தால் பன்னிரண்டு. எந்த எண் அதிகம் விழும் என்று விளையாடுமுன் கேளுங்கள். பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த எண்ணைச் சொல்வார்கள். பிறகு நான்கு மதியங்களில் மொத்தம் 160 முறை உருட்டி, விழுந்ததையெல்லாம் கோடு போட்டு எண்ணட்டும்.

இரண்டு கட்டைகளும் விழக்கூடிய வகைகள் 4 × 4 = 16. அவற்றுள் மூன்று விழும் வழிகள் நான்கு. இரண்டும் நாலும் விழ மும்மூன்று வழிகள். தாயமும் (அதாவது ஒன்றும்) அஞ்சும் விழ இரண்டிரண்டு. ஆறும் பன்னிரண்டும் விழ ஒவ்வொன்றே. ஆகவே 160 உருட்டலில் மூன்று சுமார் 40 தடவையும், பன்னிரண்டு சுமார் 10 தடவையும் விழும் என்று எதிர்பார்க்கலாம். எண்ணிக்கை அப்படியே பொருந்தாது, அருகில் வரும். ஏன் அப்படியே பொருந்தவில்லை என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளையோடு ஒரு மாலை முழுவதும் பேசத் தகுந்தது. காயை இறக்கத் தாயம் விழ வேண்டும் என்று ஏன் வைத்தார்கள் என்பதையும் அப்போது கேளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பல்லாங்குழி போதும்: 14 குழி, குழிக்கு 5 சோழி என்றால் எழுபது, ஆறு வைத்தால் எண்பத்து நான்கு.

ஆறாம் படி: வாசிப்பும் எழுத்தும்

எழுத்துப் பிழையைப் போக்க ஒரே வழி, யாரேனும் உண்மையாகப் படிக்கப் போகும் ஒன்றைப் பிள்ளை எழுதுவது. மளிகைச் சீட்டு, வெளியூரில் இருக்கும் மாமாவுக்கு அஞ்சலட்டை, வீட்டு விசேஷத்துக்கு வர வேண்டியோரின் பட்டியல், அஞ்சறைப் பெட்டிக்கு ஒட்டும் பெயர்ச்சீட்டு ஆகியவற்றைப் பிள்ளையிடமே விடுங்கள். 'புளி' என்பதைப் 'புலி' என்று எழுதிய சீட்டைக் கடைக்காரர் சிரித்தபடி திருப்பிக் காட்டினால், ளகரம் இனி மறக்காது.

வாசிப்புக்கும் ஒரு காரணம் வேண்டும். கண் தெளிவாகத் தெரியாத தாத்தாவுக்கு நாள்தோறும் பதினைந்து நிமிடம் செய்தித்தாளை உரக்கப் படித்துக் காட்டும் பிள்ளைக்கு, படிக்கிறோம் என்ற சுமையே இருக்காது. தாத்தா நடுவில் கேட்கும் கேள்விகள் எந்தப் பயிற்சிநூலையும்விடக் கூர்மையானவை. புத்தகம் வாங்கப் பணம் இல்லை என்பது மதுரைவாசிகளுக்குத் தடையாக வேண்டியதில்லை. 2023 ஜூலையில் திறக்கப்பட்ட, புது நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப்பகுதி இருக்கிறது. காலையில் கூட்டிச் சென்றால் மாலை வரை குளிர்ந்த இடத்தில் அமர்ந்து படிக்கலாம். எந்தப் புத்தகத்தை எடுக்க வேண்டும் என்பதைப் பிள்ளையின் விருப்பத்துக்கே விடுங்கள்.

ஏழாம் படி: ஊரைப் பார்த்தல்

வெளியே போகும் நாள் மூன்று போதும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் முதல்நாள் இரவில் மூன்று கேள்விகளை நோட்டில் எழுதிக்கொண்டு புறப்பட வேண்டும்.

முதலாவது, கோயிலைச் சுற்றியுள்ள தெருக்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே வந்தால் சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதற்கும் வெளியே மாசி வீதி என்று மாதங்களின் பெயரால் அடுக்கிய சதுரங்களை நடந்தே வரைபடமாக வரையச் சொல்லுங்கள். மேல மாசி வீதி, வடக்கு ஆவணி மூல வீதி என்று பலகைகளிலேயே திசை எழுதியிருப்பதால் திசையறிவு கைவந்துவிடும். எல்லாவற்றுக்கும் வெளியே இருப்பதற்கு ஏன் மாதப் பெயர் இல்லாமல் 'வெளி வீதி' என்று பெயர் என்று கேளுங்கள். 1840-களில் ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டை மதில் இடிக்கப்பட்டு ஊர் விரிந்த கதை அங்கே தொடங்குகிறது. அந்தப் பணியில் இருந்தவர்களின் பெயரையே மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இன்றும் தாங்கி நிற்கின்றன.

இரண்டாவது, கீழடி. மதுரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில், சிவகங்கை மாவட்டத்தில், 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் இருக்கிறது. அங்குள்ள எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று இழுத்துக்கொண்டு போகாதீர்கள். பானை ஓட்டில் தமிழின் பழைய வரிவடிவமான தமிழி எழுத்தில் கீறிய பெயர்களையும் பகடைக் காய்களையும் பார்த்தால் போதும். வீட்டில் தாயம் உருட்டிய பிள்ளை, பழங்காலத்துப் பகடையின் முன் நெடுநேரம் நிற்கும். ஒரே ஒரு பொருளை அங்கேயே அமர்ந்து வரையட்டும். திரும்பியபின் தன் பெயரைத் தமிழி எழுத்தில் நோட்டில் எழுதட்டும்.

மூன்றாவது, சித்திரைத் திருவிழா. சித்ரா பௌர்ணமியை ஒட்டி அழகர் வைகையில் இறங்குவதற்கு இரண்டு வாரம் முன்னதாக, அமாவாசை தொடங்கி, ஒவ்வொரு நாளும் மாலை ஏழு மணிக்கு நிலா எந்தத் திசையில் எந்த வடிவில் நிற்கிறது என்று வரைந்து வரட்டும். பௌர்ணமி கழிந்த மூன்றாம் நாள் ஏழு மணிக்கு வானில் நிலாவே இருக்காது. நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தாமதமாக நிலா உதிப்பதைப் பிள்ளை அப்போது கேட்டுத் தெரிந்துகொள்ளும்.

நேரமில்லாத வீடுகளுக்கு

தாயும் தந்தையும் விடிந்தால் வேலைக்குப் போகும் வீடுகளில் இவ்வளவும் நடக்காது. நடக்க வேண்டியதும் இல்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இருபது நிமிடம் போதும். அன்றைய செலவைப் பிள்ளை எழுதிக் கூட்டட்டும். பகலில் பார்த்த ஒன்றை ஐந்து வரியில் எழுதட்டும். உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் தடையில்லை. "எழுதுனதப் படிச்சுக் காட்டு" என்று சொல்லிக் காது கொடுத்துக் கேளுங்கள். என் வகுப்பில் ஜூன் மாதத்திலும் தடுமாறாமல் வந்த பிள்ளைகளில் பலர் அப்படிக் கேட்கப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவர்கள்தாம்.

கடைசி வாரம்

பள்ளி திறப்பதற்கு ஐந்து நாள் முன்பு, முதல் வாரத்தில் கொடுத்த அதே பத்துக் கணக்குகளையும் அதே பத்து வரிகளையும் மறுபடி கொடுங்கள். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து, எது சரியானது, எது இன்னும் ஆகவில்லை என்று பிள்ளையே குறிக்கட்டும். இன்னும் ஆகாதவற்றை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, நோட்டோடு சேர்த்து, திறந்த முதல் நாள் புது வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.